பின்னால் ஆள் ஏற்றக் கூடாது

பிரதாபனுக்கு முதல் வலிப்பு வந்தது ஒக்டோபர் மாதத்து ஞாயிறு பின்னேரம் ஒன்றில், வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது. சத்தம் கேட்டு ரதிதேவி ஓடி வந்தாள். தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம் பீய்ச்சியடிக்க, அவர் ஈரச் சீமெந்தில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்தான் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தார். ஆஸ்பத்திரி, ஸ்கான், மாத்திரை எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்று சொன்னார்: வலிப்பில்லாமல் ஒரு வருஷம் முழுதாகப் போகும்வரை வாகனம் ஓட்டக் கூடாது.

பிரதாபன் கூரியர் வான் ஓட்டுகிறவர். அந்த ஒரு வார்த்தையோடு அவருடைய வேலை போய்விட்டது.

ரதிதேவிக்கு விரி என்ற இடத்தில், ஒரு பெரிய வெயார்ஹவுஸில் சாமான் பொதி செய்கிற வேலை. காலை ஐந்தரைக்கு நிற்க வேண்டும். அதுவரை அவர்தான் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். இப்போது கார், தகனினியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் சும்மா நின்றது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் கார் பழகவில்லை. அவர் இரண்டு தரம் பழக்கக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தரமும் பாதி வழியில் சண்டை வந்து, அவளே இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தாள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரே மகள் கஜந்தினி தூரத்து நகரமான டனீடினில் படிக்கப் போய்விட்டாள்.

முதல் மாதம் ரதிதேவி வேலைக்கு ரயிலில் போய்ப் பார்த்தாள். ரயில் நேரத்துக்கு வந்த நாட்களிலும், இறங்கி லொறிகள் ஓடும் தெருக்களில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போய்ச் சேரும்போதே அவள் களைத்துப்போயிருந்தாள். அடிக்கடி பிந்தினாள். அப்போதுதான் அவளோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்த தமயந்தி, மதுரைக்காரி, சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, நீங்க கார் கத்துக்கணும்னா பக்கத்துல ஃபுல் லைசென்ஸ் வச்சிருக்கிற ஆள் உக்காந்திருக்கணும். அண்ணன் லைசென்ஸ் இப்ப சஸ்பெண்ட்ல இருக்கு, அவர் உக்கார முடியாது. தெனம் விடியக்காலைல உங்க பக்கத்துல வேற யாரு வந்து உக்காருவா?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

"அதான் சொல்றேன். ஸ்கூட்டர்னா எல் போர்டு மாட்டிட்டு நீங்க பாட்டுக்குத் தனியா போகலாம். சொல்லப்போனா தனியாத்தான் போகணும். அதான் ரூலே."

ரதிதேவி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "எனக்கு நாப்பத்தியாறு வயசு, தமயந்தி."

"அதனால என்ன? ஸ்கூட்டருக்கு உங்க வயசு தெரியவா போகுது?"

தமயந்தியின் கணவர் பெர்த்துக்கு வேலை மாறிப் போயிருந்தார். அவருடைய நூற்றிருபத்தைந்து சிசி ஸ்கூட்டர் அவள் வீட்டுக் கராஜில் தூசி பிடித்துக்கொண்டு நின்றது. அதையும் இரண்டு ஹெல்மெட்டுகளையும் அவள் ரதிதேவிக்கே தந்துவிட்டாள்.

எழுத்துப் பரீட்சை சுலபமாக இருந்தது. ஓட்டிக் காட்டுகிற சோதனையை ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். செம்மஞ்சள் கூம்புகளுக்கிடையே மெதுவாக வளைந்து போக வேண்டும், சொன்ன இடத்தில் சட்டென்று நிறுத்த வேண்டும். முதல் தரம் காலை ஊன்றிவிட்டதால் தோற்றாள். இரண்டாம் தரம் சித்தியடைந்தாள். சோதனை வைத்த பெண்மணி கையைக் குலுக்கி, விதிகளை இன்னொரு தரம் சொல்லி அனுப்பினாள்: பின்பக்கம் எல் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும், இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை ஓட்டக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, ஆறு மாதம் போன பிறகுதான் அடுத்த சோதனை.

மஞ்சள் நிறத்தில், நடுவில் கறுப்பு எல் எழுத்தோடு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தகடு அது. அதை நம்பர் பிளேட்டுக்கு மேலே கேபிள் டையால் இறுக்கிக் கட்டினாள். பிரதாபன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிவாய் நிக்குது," என்றார்.

"நிக்கட்டும்."

அன்றிலிருந்து அவளுடைய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி நகர்ந்தன. நாலரைக்கு எழும்புவாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, மழையங்கி, பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மணி ஐந்தாகட்டும் என்று வாசலில் நிற்பாள். ஐந்தானதும் கிளம்பி, கிரேட் சவுத் ரோட்டால் மனுரேவாவைக் கடந்து விரிக்குப் போவாள். சில பேர் எல் பிளேட்டைக் கண்டதும் தூரம் விட்டுப் பின்னால் வருவார்கள். சில பேருக்கு அதைக் கண்டாலே ஆத்திரம் வந்துவிடும். முதுகில் முட்டுகிற மாதிரி வந்து ஹோர்ன் அடிப்பார்கள், விலகிப் போகும்போது சேற்றுத் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போவார்கள். ஒருவன் சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கி, வீட்டில் போய்ப் பழகு என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போய் உடுப்பு மாற்றும்போது தோள் இரண்டும் மரம்போல இறுகியிருக்கும். பிறகு மத்தியானம் வரை பெட்டிகளைத் தூக்க வேண்டும்.

"போலீஸா பார்க்கப் போறான்? கழட்டி உள்ள வச்சிருங்க அக்கா," என்று தமயந்தி ஒரு நாள் சொன்னாள். "அது இல்லேன்னா உங்கள ஒருத்தனும் சீண்டமாட்டான்."

"வேண்டாமம்மா. பிழை விட்டாலும் பழகிற ஆள் எண்டு நினைப்பினம்."

உண்மையில் பிடிபட்டுவிடுவோம் என்ற பயமும் இருந்தது. ஒரு பிழை போதும், அடுத்த சோதனை தள்ளிப் போகும். ஒக்டோபர் வந்து அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தால் ஸ்கூட்டரை யாருக்காவது கொடுத்துவிட்டு, காரில் சூடு போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து போகலாம். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

பிரதாபனுக்கோ அந்த மஞ்சள் தகடு கண்ணில் பட்ட தூசி. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கோதண்டராமன் என்ற தெரிந்தவர், "உங்க வீட்டம்மாவை ரோட்ல பார்த்தேன் சார், எல் போர்டெல்லாம் போட்டு ஜோரா போறாங்க!" என்று சிரித்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதற்குப் பிறகு பிரதாபன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்தார். அவள் வந்ததும், சில்லில் காற்றுக் குறைவு, கண்ணாடி சரியில்லை, பிரேக் பிடிக்கிற முறை பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவள் மழையங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். வாக்குவாதப்படத் தெம்பிருக்காது.

வேறு சிலதும் நடந்தன. ஒரு நாள் அவள் வரும்போது ஃபிரிஜ் கதவு விரியத் திறந்தபடி கிடந்தது, அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் திடுக்கிட்டு, "பால் எடுக்க வந்தனான்," என்றார். இன்னொரு நாள் தொலைபேசியில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "Appa? Are you there?" என்று கஜந்தினி திரும்பத் திரும்பக் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது. மாத்திரை அப்படித்தான், ஆளைக் கொஞ்சம் மந்தமாக்கும் என்று ரதிதேவி தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஜூலையில் மனுகாவில் இருக்கும் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் கிடைத்தது. பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ரதிதேவி அன்றைக்கு லீவு போட்டாள். பள்ளிக்கூட விடுமுறைக் காலம், தண்டவாளம் திருத்துவதற்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். ரயிலில் போகிறவர்களும் சேர்ந்து கிரேட் சவுத் ரோட் பஸ்களில் ஏறிக்கொண்டார்கள். மழைத் தூற்றலில் தரிப்பிடத்தில் நின்ற இவர்களைத் தாண்டி இரண்டு பஸ்கள் நிரம்பி வழிந்தபடி நிற்காமலே போயின. ஃபோனில் கூப்பிட்ட டாக்சி வருகிறது வருகிறது என்று காட்டி, பிறகு வரவில்லை என்றது. மறுபடி கூப்பிட்டதும் அதே கதைதான்.

"வீட்டுக்கு வாரும்," என்றார் பிரதாபன். "ஸ்கூட்டரிலை போவம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. நான் ஆள் ஏத்தக் கூடாது."

"ஆருக்குத் தெரியும்? அந்த எல் இருந்தால்தானே தெரியும். அதைக் கழட்டினால் நீரும் எல்லாரையும் போலத்தான்."

"பிடிச்சால்?"

"பத்து நிமிஷ ஓட்டம், ரதி. இந்த நாளை விட்டால் எனக்கு ஒக்டோபரிலும் லைசென்ஸ் வராது. உமக்கும் விடிவில்லை."

கடைசி வார்த்தைதான் அவளை அசைத்தது. மறுக்கவும் பலமிருக்கவில்லை. இருவரும் வீட்டுக்கு விரைந்து நடந்தார்கள். பிரதாபன் உள்ளே போய் வெட்டுக்குறடு ஒன்றைக் கொண்டு வந்து கேபிள் டைகளை நறுக்கினார். தகடு கழன்று அவர் கையில் வந்தது. அதை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியில் போட்டார். அலுமாரியில் கிடந்த இரண்டாவது ஹெல்மெட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டாள்.

பின்னால் ஒரு ஆள் இருந்தால் ஸ்கூட்டர் இப்படி மாறிப்போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கிளம்பும்போது முன்சில்லு தன் பாட்டுக்கு ஆடியது. வளைவில் அது அவள் சொல்லைக் கேட்காமல் அகலமாகப் போயிற்று. பிரதாபன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் இடப்பக்கம் எடும்... அவன் திரும்பப் போறான், பாரும்... இப்ப விடும், விடும்!"

"நீங்கள் ஒருக்கால் சும்மா இருங்கோ!"

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. எல் இல்லாத அந்த ஸ்கூட்டரைப் பார்த்து ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒருவரும் முதுகில் வந்து முட்டவில்லை. இத்தனை மோசமாக அவள் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஆனாலும் வழி விட்டார்கள்.

மனுரேவாவைத் தாண்டி ஒரு விளக்கு மஞ்சளுக்கு மாறியது. "நிப்பாட்டும், நிப்—" என்றவர் பாதியில் நின்றுபோனார். அவள் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்து நழுவின. அவருடைய ஹெல்மெட் அவள் முதுகில் வந்து சாய்ந்தது. பிறகு மெல்ல இடப்பக்கம் வழுக்கிப் போனது. எதையோ சப்பிச் சப்பி விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள். அத்தனை பாரத்தையும் ஒரு கால் தாங்கவில்லை. ஸ்கூட்டர் இருவரையும் கொண்டு, அவசரமில்லாமல், தெருவோரப் புல்லில் சாய்ந்தது.

அவர்களுக்குப் பின்னால் வந்த வெள்ளை வான் உடனே நின்றது. அதிலிருந்து ஒரு மாவோரிப் பெண் இறங்கி ஓடி வந்தாள். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். முதலில் ஸ்கூட்டரின் சாவியைத் திருப்பி அணைத்தாள், பிறகு ரதிதேவியின் காலை விடுவித்தாள். முழங்கால் எரிந்தது, வேறொன்றும் இல்லை. பிரதாபன் புல்லில் இருந்தபடி தன் ஜாக்கெட் ஸிப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். கண் திறந்துதான் இருந்தது. ரதிதேவி அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றி, "என்னப்பா, என்னைப் பாருங்கோ," என்று கன்னத்தைத் தட்டினாள். அந்தக் கண்ணில் அவள் தெரியவில்லை. மழை அவர் முகத்தில் விழுந்து வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் தலையை உதறினார். சுற்றிலும் பார்த்தார். "ஏன் விழுத்தினீர்?" என்றார். "இப்பிடியே பிரேக் பிடிக்கிறது?"

ரதிதேவி கையுறையைக் கழற்றி, அவர் முகத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

வான்காரப் பெண் அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். "உன் பிரேக்கில் ஒரு பிழையும் இல்லை, நான் பின்னாலேயே வந்தேன்," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீ நிறுத்துவதற்கு முன்னமே அவர் சரியத் தொடங்கிவிட்டார். இது அவருக்கு வழக்கமா?"

"தெரியாது," என்றாள் ரதிதேவி. பிறகு, "ஓம் போல," என்று தமிழில் சொல்லிவிட்டு, திரும்பவும் ஆங்கிலத்தில், "இருக்கலாம்," என்றாள்.

அம்புலன்ஸுக்கு அடிக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். பிரதாபன் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மருத்துவரிடம்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று ரதிதேவி சொன்னதும், அவரைத் தன் வானில் கொண்டுபோய் வாசலில் விடுவதாகச் சொன்னாள். பிரதாபன் மறு பேச்சில்லாமல் ஏறினார்.

வான் போன பிறகு ரதிதேவி ஸ்கூட்டரை நிமிர்த்தி ஒரு பக்கத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு கண்ணாடி வெடித்திருந்தது. இருக்கையைத் திறந்து எல் தகட்டை எடுத்தாள். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தலைமயிரைக் கட்டியிருந்த ரப்பர் பட்டியைக் கழற்றி, தகட்டின் துளைக்குள் விட்டு முறுக்கி, நம்பர் பிளேட்டின் மேல் மாட்டினாள். ஒரு பக்கமாகத்தான் தொங்கியது. இப்போது அவள் தனி. ஓட்டலாம். வழியில் ஒரு லொறி முதுகில் முட்ட வந்து நீளமாக ஹோர்ன் அடித்தது. அது அவள் காதில் சரியாக விழவில்லை.

மருத்துவர் இளம் பெண், அமைதியான முகம். பிரதாபன் தலை வாரி, ஜாக்கெட்டைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவர் கணினியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஸ்கான் நன்றாக இருக்கிறது. மாத்திரையும் ஒத்துக்கொண்டிருக்கிறது போலத் தெரிகிறது. முதல் வலிப்புக்குப் பிறகு வேறொன்றும் வரவில்லை என்றால், ஒக்டோபர் வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னமே ஓட்ட விடலாமா என்று பார்க்கலாம். ஏதாவது வந்ததா? விழுந்து துடிப்பது மட்டுமில்லை. வெறித்துப் பார்ப்பது, நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தெரியாமல் போவது, அப்படி ஏதாவது?"

"இல்லை," என்றார் பிரதாபன். "ஒன்றும் இல்லை."

மருத்துவர் ரதிதேவியின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஏதாவது கண்டீர்களா? பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்."

ரதிதேவி தன் கைகளைப் பார்த்தாள். கையுறைக்குள் வியர்த்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. இல்லை என்று ஒரு சொல் போதும். ஒரு மாதத்தில், மிஞ்சிப் போனால் இரண்டு மாதத்தில், அவர் காரை எடுப்பார். அவள் இந்தப் பூட்ஸையும் மழையங்கியையும் குப்பையில் போடலாம். நாலரைக்கு எழும்பி மழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், முகம் தெளியும், வீட்டில் கதை பேச்சு வரும். ஆனால் வான் ஓட்டுகிறபோது அந்தக் கண் அப்படியே திறந்தபடி நின்றால்? தெருவோரம் பள்ளிக்கூடத்தால் பிள்ளைகள் வருகிற நேரமாயிருந்தால்?

"நீங்களே சொல்லுங்கோ," என்று தமிழில் சொன்னாள்.

"என்னத்தைச் சொல்லுறது?"

"கொஞ்சம் முன்னம் ரோட்டிலை நடந்ததை."

"அது நீர் விழுத்தினது."

அவள் மருத்துவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்றொன்றாகச் சொன்னாள். கை நழுவியது, சப்புகிற சத்தம், ஸிப்பை இழுத்து இழுத்து விட்டது, கூப்பிட்டும் தெரியாமல் இருந்தது. ஃபிரிஜ் கதவையும் மகளோடு பாதியில் நின்ற கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, இதெல்லாம் அவளுக்கு நெடுநாளாகவே தெரிந்திருந்தது போலிருந்தது.

"எங்கே நடந்தது இது?" என்றாள் மருத்துவர்.

"என் ஸ்கூட்டரில். நான் லேர்னர். ஆள் ஏற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். எல் பிளேட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்றினேன்."

மருத்துவர் கணினியில் தட்டுவதை நிறுத்தினாள். "நான் போலீஸ் இல்லை," என்றாள். "ஆனால் இனி ஏற்றாதீர்கள். இருவருக்காகவும்தான் சொல்கிறேன்." பிறகு பிரதாபனிடம், இதுவும் வலிப்புத்தான், விழுத்தாத வகை என்று விளக்கினாள். மாத்திரையைக் கூட்டினாள். ஒரு வருஷக் கணக்கு இன்றிலிருந்து திரும்ப ஆரம்பிக்கும் என்றாள். பிரதாபன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழும்பும்போது நன்றி என்றும் சொன்னார்.

வெளியே மழை வலுத்திருந்தது. கண்ணாடிக் கதவோரம் இருவரும் நின்றார்கள்.

"ஒரு சொல்," என்றார் அவர். "ஒரு சொல்லிலை என்ரை ஒரு வருஷத்தைக் குடுத்திட்டீர்."

"என்ரையும்தானே," என்றாள் ரதிதேவி.

அவர் அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டை அவள் கையில் தந்துவிட்டு, மழைக்குள் இறங்கி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அவள் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, நனைந்த உடுப்பைக்கூட முழுதாக மாற்றாமல் சோபாவில் சரிந்தாள். அவர் வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டு விழித்தபோது இருட்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது பத்து நாட்கள் அவர் அவளோடு கதைக்கவில்லை. சாப்பிட்டார், மாத்திரையைப் போட்டார், தொலைக்காட்சியைப் பார்த்தார். அவள் அந்த மௌனத்தையும் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தாள். தமயந்தியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் வெகு நேரம் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே நின்றாள்.

"நான் ஆயிருந்தா சொல்லியிருக்கமாட்டேன் அக்கா," என்றாள் கடைசியில். "சொல்லாம இருந்துட்டுத் தெனமும் செத்திருப்பேன்."

ஓகஸ்ட் முடிவில் ரதிதேவி அடுத்த சோதனையைச் செய்தாள். இந்த முறை தெருவில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தரத்திலேயே சித்தியடைந்தாள். இனி எல் பிளேட் தேவையில்லை என்றார்கள். ஐந்து மணிக்கு முன்னால் ஓட்டுவதும் பின்னால் ஆள் ஏற்றுவதும் இன்னமும் கூடாதுதான். தகட்டைக் கழற்றியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஹோர்ன் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். மழை அப்படியேதான் பெய்தது.

பிரதாபன் மெல்ல மெல்ல வெளியே நடக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பூங்கன்று விற்கிற இடத்தில், நாற்றுகளுக்குத் தண்ணீர் விடவும் அடுக்கவும் ஆள் தேடினார்கள். தன் வலிப்பு வருத்தத்தை முதலிலேயே சொல்லித்தான் கேட்டார் என்று பிறகு ரதிதேவிக்குத் தெரிய வந்தது. வாரத்தில் மூன்று நாள் எடுத்தார்கள். பின்னேரத்தில் அவர் நகக் கண்ணில் மண்ணோடு வந்து, அவள் வருமுன்னமே சோற்றை அடுப்பில் வைத்துவிடுவார். கதை பழையபடி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உப்புப் போதுமா, மகள் ஃபோன் அடித்தாளா என்கிற அளவுக்கு வந்தது.

நவம்பரில் ஒரு பின்னேரம் அவள் வேலையால் வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போனாள். பிரதாபன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கத்தி நிலத்தில் கிடந்தது.

"ரதி," என்றார். "இப்ப ஒண்டு வந்திட்டுப் போனது."

அவள் கதிரையை இழுத்து அவரை இருத்தினாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், வெட்டுப் படவில்லை. "எவ்வளவு நேரம்?"

"தெரியேல்லை. வெங்காயம் வெட்டத் தொடங்கினது ஞாபகம் இருக்கு. பிறகு பார்த்தால் நீர் கதவு திறக்கிற சத்தம் கேக்குது." அவர் மூச்சை இழுத்து விட்டார். "நீர் காணேல்லை, என்ன?"

"இல்லை. நான் இப்பத்தானே வந்தனான்."

"ஓம்."

அவள் நிலத்தில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். அவர் நினைத்திருந்தால் கத்தியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மிச்ச வெங்காயத்தை வெட்டிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"நாளைக்கு நானே அடிச்சு டொக்டருக்குச் சொல்லுறன்," என்றார். "திரும்ப முதலிலையிருந்து எண்ணுவினம்."

"எண்ணட்டும்."

"உமக்குத்தான் கஷ்டம். பனியிலை போறது நீர்தானே."

இத்தனை மாதத்தில் இந்தச் சொல்லை அவர் சொன்னது இதுதான் முதல் தரம். ரதிதேவிக்கு அழுவதற்குக்கூடக் களைப்பாயிருந்தது. அவள் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.